கூத்துக்கு அரசு ஏன் காசு தர வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில், மன்மதன் எரிந்த கதையை மாசியில் ஆடும் காமன் கூத்துக் குழு ஒன்றுக்குப் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவிலிருந்து வருடந்தோறும் கிடைத்துவந்த சிறு உதவித்தொகை, “இவ்வருடம் ஒதுக்கீடு இல்லை” என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு நின்றுபோனதைப் பற்றி இந்தப் பகுதியில் முன்னர் எழுதியிருந்தேன். கலைக்கான அரசு நிதியை வெட்டுவது தவறு என்றும் அதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆதரவைவிட ஆட்சேபமே மிகுதி. அந்த ஆட்சேபங்கள் நியாயமானவை என்பதால் இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுகிறது, நாடோ கடனில் கிடக்கிறது. இந்த நேரத்தில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது ஐயா?
— ஒரு வாசகர், ஹட்டன்

உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியபின், மண்ணெண்ணெய் வரிசையில் விடியற்காலையில் கானைப் போட்டுவிட்டு நின்றவர்களில் நானும் ஒருவன். மருந்தா கூத்தா என்று உண்மையிலேயே இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும் என்றால், மருந்தைத்தான் எடுக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் அந்தத் தெரிவு எப்போதாவது நம் முன்னால் வைக்கப்பட்டதுண்டா? கலாசாரப் பிரிவின் ஒதுக்கீட்டை வெட்டியபோது, அந்தக் காசு இன்ன வைத்தியசாலைக்குப் போய் இன்ன மருந்தாக மாறியது என்று எவரும் கணக்குக் காட்டியதை நான் கண்டதில்லை. அது பற்றாக்குறை என்னும் பெரும் பள்ளத்தில் ஒரு பிடி மண்ணாக விழுகிறது. பள்ளம் நிரம்புவதுமில்லை, மண் திரும்புவதுமில்லை. முதலில் கலையில் கை வைப்பதற்குக் காரணம் அங்கே பெருந்தொகை கொட்டிக் கிடப்பதன்று, அங்கே எதிர்ப்பு இல்லை என்பதே. வைத்தியர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தால் நாடே திரும்பிப் பார்க்கும். ஒரு தோட்டத்தில் இந்த மாசியில் காமன் கம்பம் ஊன்றவில்லை என்றால், அந்தத் தோட்டத்துக்கு வெளியே யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தார் போடாமல் ஐந்து வருடம் விட்ட பாதையை ஆறாம் வருடம் போடலாம்; செலவு கூடும், பாதை வந்துவிடும். ஐந்து வருடம் ஆடாமல் விட்ட கூத்தை அப்படி மீட்க முடியாது. எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டிய என் தாய்மாமன், மதன் எரிந்தபின் ரதி பாடும் புலம்பலை எந்த ஏட்டையும் பார்த்துப் படித்தவரல்லர். வாத்தியார் பாட, பின்னால் நின்று பாடி, அடிவாங்கி, திருத்தி, மூன்று மாசிகளுக்குப் பிறகுதான் அவரைத் தனியே பாட விட்டார்கள். நடுவில் ஒரு தலைமுறை கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிப் போய்விட்டது. மாமா கண்ணை மூடியபோது அந்தப் புலம்பலின் பாதி அவரோடு போனது. பிறகு கோடி ரூபாய் ஒதுக்கினாலும் அது வராது. இப்படித் திரும்ப வராததை வெட்டும்போது, திரும்பக் கூடியதை வெட்டும்போது எடுப்பதைவிட அதிகக் கவனம் எடுக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

“வரி கட்டுகிறவன் காசில் இவர்களுக்குக் கூத்து எதற்கு” என்றும் உங்கள் கடிதத்தின் பின்பாதியில் எழுதியிருக்கிறீர்கள். தோட்டத் தொழிலாளி வருமான வரி கட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அவர் வாங்கும் சவர்க்காரத்திலும் தொலைபேசிக்குப் போடும் ரீலோடிலும் அந்த வரி இருக்கிறது. பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் கொழும்பில் கார் வைத்திருப்பவருக்கும் கடையில் அந்த வீதம் ஒன்றுதான். பொதுப்பணம் என்று நாம் சொல்வதில் அவருடைய பங்கும் இருக்கும்போது, அவருடைய கலைக்கு அதில் பங்கு கேட்பதைப் பிச்சை என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: நல்ல கலை தானாகவே வாழும் என்பது என் கருத்து. மக்களுக்கு வேண்டுமானால் ரிக்கற் வாங்கிப் பார்ப்பார்கள். வேண்டாததை அரசு ஊசி போட்டு உயிரோடு வைத்திருப்பது ஏன்?
— ஓர் ஆசிரியை, பண்டாரவளை

இதே கேள்விக்கு விடை தேடிய இரண்டு பொருளியலாளர்கள் இருந்தார்கள். வில்லியம் போமல், வில்லியம் போவன் என்ற அந்த அமெரிக்கர்கள் 1966இல் ஓர் எளிய உண்மையைக் கணக்கோடு எடுத்துக் காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்துப் பேரின் வேலையை இரண்டு பேர் செய்யலாம். அதனால் உற்பத்தி கூடும், சம்பளமும் கூடும். ஆனால் நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை இருநூறு வருடங்களுக்குப் பிறகும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் பிடிக்கும். ஊரில் எல்லோருடைய சம்பளமும் ஏற ஏற, மேடைக் கலையின் செலவும் அதோடு ஏறும். வருமானம் மட்டும் ஏறாது. கலைஞனின் சோம்பலோ இரசிகனின் வெறுப்போ இதற்குக் காரணமில்லை; வேலையின் தன்மையே அப்படி.

இதை நம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கொழுந்து வாட்டுவதற்கும் அரைப்பதற்கும் புதிய இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் ரதி மதன் ஆட்டத்துக்கு அன்றும் இரண்டு பேர், இன்றும் இரண்டு பேர். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதிலிருந்து பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் வரை அன்றும் அத்தனை இரவுகள், இன்றும் அத்தனை இரவுகள். அவசரம் என்று ஒரே இரவில் முடித்தால் அது காமன் கூத்தாகாது.

தப்பு என்னும் தோல் மேளத்தைக் காய்ச்சுவதை நீங்கள் அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா ரீச்சர்? மாசி மாதத்து மலைப் பனியில் தோல் நனைந்து தொய்ந்துவிடும். காமன் பொட்டலின் ஓரத்தில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியபின் காய்ந்த மிலாறுக் குச்சிகளைக் குவித்துத் தீ மூட்டி, நாலைந்து பேர் தப்பின் முகத்தை நெருப்புக்குக் காட்டிச் சுற்றி நிற்பார்கள். அடிக்கடி விரல் நகத்தால் ஒரு தட்டு. மந்தமாக ஒலித்தது, கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒரு கட்டத்தில் கணீரென்று எழும். எந்தக் கட்டத்தில் நெருப்பை விட்டு விலக்க வேண்டும் என்பது பழகிய கைக்கு மட்டுமே தெரியும், ஒரு நொடி பிந்தினால் தோல் கிழிந்துவிடும். அரைமணி நேரம் அடித்ததும் பனி மறுபடி இறங்கும். மறுபடி நெருப்புக்கு வர வேண்டும். விடியும்வரை இதுதான். அந்த நேரத்தைச் சுருக்க ஒரு வழியும் இல்லை, அந்தக் கைக்கு மாற்றாக ஒரு பொருளும் இல்லை.

அடுத்தது ரிக்கற். காமன் பொட்டலுக்கு வேலி கிடையாது. பணிய லயத்து ஆச்சியும் மேட்டு லயத்துக் குழந்தையும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருவார்கள். அது அந்த ஊரின் நேர்த்தி, சடங்கு, விரதம். வாசலில் ஆளை நிறுத்திக் காசு வாங்கினால் அதன் உயிரே போய்விடும். செலவு மட்டும் குறையவில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இருபது பேர் கொண்ட குழு ஒன்று இரவிரவாக ஆடி, அடுத்த நாள் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு)ப் போக முடியாமல் ஆளுக்கு மூன்று நாட்பேரை (நாள் கூலியை) இழக்கிறது என்று வையுங்கள்: 60 நாட்பேர், 81,000 ரூபாய். தப்புக்குத் தோல், சலங்கை, அரிதாரம், புடவை, மின்பிறப்பாக்கி வாடகை எல்லாம் இதற்கு மேலே. இந்த 81,000 ரூபாயை இன்று யார் போடுகிறார்கள் என்றால், ஆடுகிறவர்களே தங்கள் பிள்ளைகளின் சோற்றிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். “தானாக வாழ்கிறது” என்று நாம் சொல்லும் கலை, உண்மையில் மிக ஏழையான மனிதரின் மானியத்தில் வாழ்கிறது. அந்த மானியத்தை அவர் மட்டுமே தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: கலைக்கு அரசு மானியம் என்பதே வெள்ளைக்காரன் நாட்டுப் பழக்கம்தானே?
— ஒரு வாசகர், மாத்தளை

இல்லை ஐயா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், அங்கே ஆடவும் பாடவும் அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும், ஒரு பங்குக்கு 100 கலம் நெல்லும் என்று முதலாம் இராசராசன் கொடுத்தது பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே கோயிலில் வைகாசித் திருவிழாவில் நாடகம் ஆடிய சாந்திக்கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று பின்வந்த சோழர் கல்வெட்டு சொல்கிறது. கூத்துக்காணி என்ற சொல்லே கூத்தருக்கு விட்ட நிலத்தைக் குறிப்பது.

தூரம் போக வேண்டாம். உங்கள் மாத்தளையிலிருந்து ஒரு மணி நேரத்தில் கண்டி. பெரஹரா ஊர்வலத்தில் ஆடுகிற, மேளம் அடிக்கிற குடும்பங்கள் பலவற்றுக்குக் கண்டி அரசர் காலத்திலேயே நிலம் விடப்பட்டது. நிலத்தை உழுது உண்டு, அதற்குக் கைமாறாகத் தலதா மாளிகையிலும் தேவாலயங்களிலும் ஆடுவது அவர்கள் கடமை. 1832இல் நிலத்துக்குக் கைமாறாக அரசுக்குச் சேவை செய்யும் இராஜகாரிய முறையைப் பிரித்தானியர் ஒழித்தபோதுகூட, விகாரை, தேவாலய நிலங்களுக்கான சேவைமுறை தொடர்ந்தது. அந்த நிலம் இல்லாதிருந்தால் கண்டிய நடனம் இன்று இந்தச் செழிப்போடு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அதே மலைகளில் காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட நம்மவருக்குக் கூத்துக்காணியும் இல்லை, குடியிருக்கும் காணியும் இல்லை. மானியம் இருந்த கலை எப்படி நிற்கிறது, இல்லாத கலை எப்படி நிற்கிறது என்பதை ஒரே மாவட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: அண்ணே, நான் கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு)க் கவ்வாத்து வெட்டுகிறவன், பத்து வருஷமாகத் தப்பு அடிக்கிறேன். அரசாங்கத்திலிருந்து எங்கள் குழுவுக்கு இதுவரை ஒரு சதம் வந்ததில்லை. வராத காசை வெட்டினால் எனக்கென்ன? அதற்காக நான் ஏன் குரல் கொடுக்க வேண்டும்?
— ஒரு தப்புக் கலைஞர், மஸ்கெலியா

தம்பி, வந்த கடிதங்களிலேயே என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான். எனக்குப் பதில் எளிதாக வரவில்லை. நீங்கள் சொல்வது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

உண்மை என்பதற்கு என் கையிலேயே சாட்சி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்காக நானே விண்ணப்பம் எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். குழு பதிவு செய்த கலாமன்றமாக இருக்க வேண்டும் என்றார்கள். பதிவுக்குப் போனால், மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். வங்கிக்குப் போனால், மன்றத்துக்கு முகவரி உறுதி வேண்டும் என்றார்கள். லயக் காம்பராவில் இருப்பவருக்கு வீட்டு உறுதி ஏது? மூன்றாம் முறை போனபோது படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு நடைக்கும் மூன்று பேரின் நாட்பேர் போயிற்று. நாலாம் நடைக்கு அவர்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இதற்கும் மேலே ஒன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவு செய்வதற்கே முட்டுக்கட்டையாக இருந்தது. நாம் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அந்தச் சபையின் காசு தோட்ட எல்லைக்குள் வரக்கூடாது. முப்பது வருடங்களுக்கு மேல் இப்படியே ஓடி, 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பாதைக்கும் விளக்குக்குமே கதி அதுவென்றால் கூத்துக்கு என்ன வந்திருக்கும்?

இனி, ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். வாசல் இப்போதுதான் அரைகுறையாகத் திறந்திருக்கிறது. நாம் உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே “ஒதுக்கீடு இல்லை” என்று அந்த அறையையே பூட்டிவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது பழைய பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் திறப்பார்கள். பட்டியலிலேயே ஏறாத நமக்கு, “உங்களுக்கு எப்போதும் கொடுத்ததில்லையே” என்ற விடை காத்திருக்கும். வெட்டு வரும்போது எல்லோர் பங்கும் குறையும், ஆனால் இனிமேல்தான் பங்கு பெறவேண்டியவரின் பங்கு பிறக்காமலே போகும். இந்த வெட்டில் மிக அதிகம் இழக்கப் போகிறவர் கொழும்பு நாடகக்காரர் அல்லர், நீங்கள்தான்.

அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி சொல்கிறேன், அதில் நமக்கும் அவர்களுக்கும் பொதுவான பாடம் இருக்கிறது. அங்கே கலைக்கான தேசிய நிதியம் 1965இல் தொடங்கப்பட்டது. 2017இல் ஜனாதிபதி டிரம்ப் அதை அடியோடு மூடும்படி வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார். ஆனால் அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த காங்கிரஸ் அதை ஏற்காமல், 2018 நிதியாண்டுக்கு 15 கோடி 28 இலட்சம் டொலரை ஒதுக்கியது. கேட்கப் பெரிய தொகை. அந்நாட்டின் மொத்தச் செலவில் நூறு டொலருக்கு அரைச் சதமும் இல்லை. தன் தலைவரின் சொல்லையே அந்தக் கட்சி தட்டியதற்கு ஒரு முக்கிய காரணம், அந்த நிதியம் பணத்தைப் பகிரும் முறை. மானியப் பணத்தில் 40 வீதம் மாநில, பிராந்திய அமைப்புகளுக்குச் சட்டப்படி போகிறது. மிச்சமும் தேர்தல் தொகுதிகள் எல்லாவற்றையும் எட்டும்படி பரவுகிறது. சோளம் விளையும் கிராமத்து உறுப்பினருக்கும், வெட்டினால் தன் ஊர் நூலகத்தில் நடக்கும் நாடகம் நின்றுவிடும் என்று தெரியும். 2025இலும் மூடும் முன்மொழிவு திரும்ப வந்தது, வழங்கிய மானியங்கள் பலவும் திருப்பி எடுக்கப்பட்டன. ஆபத்து நீங்கிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பரவலாகப் போகும் காசுக்கு அதைக் காக்கும் ஆட்களும் பரவலாக இருப்பார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், நம் நாட்டில் கலை நிதிக்கு ஏன் காவல் இல்லை என்பது விளங்கும். தலைநகரில் மட்டும் சுற்றிய காசு என்பதால் மஸ்கெலியாவில் அதற்காக அழ ஆளில்லை. ஆகவே கலை நிதியைக் காக்கச் சொல்லும் கொழும்பு நண்பர்களுக்கு நான் எழுதும்போதெல்லாம், முதலில் அதை மலையகத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எங்களைத் துணைக்குக் கூப்பிடுங்கள் என்றே எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பது அதன் மறுபாதி: “வெட்டாதே” என்பதையும் “எங்களுக்கும் கொடு” என்பதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். ஒன்றை விட்டு மற்றதைக் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

கேள்வி: அரசு காசு வாங்கினால் அரசுக்குத்தானே பாட வேண்டும்? அமைச்சர் வரும்வரை கலைஞர்களை வெயிலில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி அனுப்பும் விழாக்களைத்தானே இதுவரை கண்டிருக்கிறோம்?
— ஒரு மாணவர், பேராதனை

அந்த விழாக்களில் பிள்ளைகள் மூன்று மணி நேரம் சலங்கையோடு நின்று, இரண்டு நிமிடம் ஆடி இறங்கியதை நானும் பார்த்திருக்கிறேன்; அதற்குச் செலவான காசைக் கலை நிதி என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை. அதை வெட்டினால் நான் எழுந்து ஆட்சேபிக்கப் போவதுமில்லை. அரசு காசு கொடுக்க வேண்டும், எதை ஆடுவது என்பதைக் கலை தெரிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டும், நடுவில் ஒரு கை தூரம் இருக்க வேண்டும். பிரித்தானியக் கலைக்கழகம் 1946இல் அமைந்தபோது வகுத்த வழி இதுதான். 1952இல் சட்டத்தின் மூலம் இங்கே வந்த இலங்கைக் கலைக்கழகத்துக்கும் அதுவே முன்மாதிரி.

அந்த வழி இங்கே பலித்த இடமும் உண்டு, அது நீங்கள் படிக்கும் வளாகமே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், கிராமங்களில் கூத்து ஆசான்களான அண்ணாவிமார் தேடிக் கௌரவிக்கப்பட்டார்கள், கூத்துப் பிரதிகள் அச்சேறின. 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு அவர் மட்டக்களப்புக் கூத்தை “கர்ணன் போர்”, “இராவணேசன்” என மேடையேற்றினார். படித்தவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத நாட்டுக்கூத்து அதன் பிறகுதான் பல்கலைக்கழகப் பாடமாயிற்று. பல்கலைக்கழகமும் பொதுப்பணம், கலைக்கழகமும் பொதுப்பணம். அதை வைத்து எந்த அமைச்சரையும் புகழ்ந்து அவர் யாரையும் பாட வைக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். கிழக்கின் கூத்தைப் பேராதனை தூக்கி நிறுத்திய அந்த ஆண்டுகளில், வளாகத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தன. அதே அளவு கவனம் அப்போதே அவற்றின் மீதும் விழுந்திருந்தால், என் மாமனின் புலம்பல் ஓர் ஒலிநாடாவிலாவது இருந்திருக்கும். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இலங்கையின் நூற்பாவை நாடகம் 2018இலும், கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவு 2021இலும் ஏறின. இரண்டும் தகுதியானவை, மகிழ்ச்சியே. காமன் கூத்து அங்கே இல்லை. அதை அங்கே கொண்டுபோகத் தேவையான பதிவும் ஆய்வும் உங்களைப் போன்ற மாணவர்களால் ஆக வேண்டியவை, அவற்றுக்கும் காசு வேண்டும்.

கேள்வி: போர்க்காலத்தில் கலை நிதியை வெட்டச் சொன்னபோது, “பிறகு எதற்காகப் போரிடுகிறோம்” என்று சேர்ச்சில் கேட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
— ஒரு வாசகி, கொட்டகலை

அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தயவுசெய்து அதைப் பகிர வேண்டாம். நல்ல வழக்குக்குப் பொய்ச் சாட்சி வேண்டியதில்லை. மெய்யான செய்தியே போதுமான வலுவோடு இருக்கிறது: பிரித்தானியா குண்டுவீச்சுக்கும் பங்கீட்டு அட்டைக்கும் நடுவே 1940இல்தான் இசைக்கும் கலைக்குமான அரசு ஆதரவு அமைப்பை ஏற்படுத்தியது, அதுவே போருக்குப் பின் கலைக்கழகமாக மாறியது. அதே நாடு, போர் எதுவும் உள்நாட்டில் இல்லாத 2010இல், இங்கிலாந்துக் கலைக்கழகத்தின் மானியத்தில் ஏறத்தாழ 30 வீதத்தை நாலு வருடங்களில் குறைக்க முடிவெடுத்தது. சமர்செட் என்ற ஊரகப் பகுதியின் சபை கலை அமைப்புகளுக்கான நேரடி மானியத்தை முழுதாகவே நிறுத்தியது. அங்கேயும் முதலில் வெட்டு விழுந்தது நகரத்துக்கு வெளியே இருந்தவர்களின் தட்டில்தான்.

கேள்வி: வாசித்து ஆதங்கப்படுவதோடு நிற்காமல், எங்களைப் போன்ற இளைஞர் மன்றங்கள் செய்யக்கூடியது என்ன?
— ஓர் இளைஞர் மன்றம், தலவாக்கலை

முதலில் கணக்கைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவுக்குக் கடந்த ஐந்து வருடங்களில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தெந்தக் குழுவுக்கு எவ்வளவு போயிற்று, அவற்றில் தோட்டப்புறக் குழுக்கள் எத்தனை என்று எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. “எங்களுக்குத் தருவதில்லை” என்பது முறைப்பாடு. “இத்தனையில் இத்தனைதான் தந்தீர்கள்” என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதே கேள்வியைப் பிரதேச சபைக்கும் அனுப்புங்கள். 2018 திருத்தத்துக்குப் பின் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் தடையில்லை என்பதை உங்கள் வட்டார உறுப்பினருக்கே நினைவூட்ட வேண்டி வரலாம். காலத்தையும் கவனியுங்கள். நாட்டின் வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்து டிசம்பரில் நிறைவேறுகிறது. கூத்து மாசியில் என்பதற்காகத் தை மாதத்தில் ஓடினால், பந்தி முடிந்தபின் இலை போடும் கதையாகிவிடும். ஆடி, ஆவணியிலேயே கடிதங்கள் போய்ச் சேர வேண்டும்.

கேட்கும்போது விழா கேட்காதீர்கள். நாட்பேர் கேளுங்கள்: ஆடுகிறவர் இழக்கும் மூன்று நாள் சம்பளம். வாத்தியார் ஒருவர் பத்துப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை சொல்லிக்கொடுக்கும் கூலி கேளுங்கள், தப்புக்குத் தோல் கேளுங்கள். மேடையும் பந்தலும் அமைச்சரும் இல்லாமல் காமன் கூத்து இத்தனை காலம் நடந்திருக்கிறது, வாத்தியார் இல்லாமல் நடந்ததில்லை.

பதிவு, வங்கிக் கணக்கு, படிவம் ஆகியவற்றால் தடுமாறும் குழுக்களுக்கு உங்கள் மன்றத்தில் இரண்டு பேர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டால், அவர்களுடைய நாட்பேர் மிஞ்சும். மஸ்கெலியாத் தம்பிக்கு அப்படி உதவ முன்வருகிறவர்கள் இந்தப் பகுதியின் முகவரிக்கு எழுதினால் நான் தொடர்புபடுத்தி விடுகிறேன். அடுத்த மாசியில் கம்பம் ஊன்றும் நாள் தெரிந்ததும், கலாசார உத்தியோகத்தருக்கு ஓர் அழைப்புக் கொடுங்கள். மேடைக்கு வேண்டாம், இரவு பதினொரு மணிக்குப் பிறகு, தப்பு காய்ச்சும் நெருப்புப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு.